சைலன்சரை மாற்றினால் இசியு 'தானா அட்ஜஸ்ட் பண்ணிக்குமா'? காருக்குள் உண்மையில் நடப்பது என்ன?

காருக்கு வேற சைலன்சர் மாட்டலாமா என்று கேட்டுப் போகிறவர்களுக்கு ஆக்சசரி கடைகளில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான்: "கவலையே படாதீங்க சார், இசியு தானா அட்ஜஸ்ட் பண்ணிக்கும்." சவுண்டு கெத்தா இருக்கும், பிக்கப் கூடும், மைலேஜும் குறையாது என்று பேச்சு நீளும். மாட்டி முடித்துக் காரை வெளியே எடுக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். நாலு நாள் கழித்து டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் 'செக் இன்ஜின்' லைட் எரியத் தொடங்கும்.

அப்படியென்றால் கடைக்காரர் சொன்னது பொய்யா? முழுப் பொய் இல்லை, பாதி உண்மை. காரின் கம்ப்யூட்டர் மாற்றங்களுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆனா எதுவரை, எதற்காக, யாருக்குச் சாதகமாக என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அது தெரியாமல் ஆயிரக்கணக்கில் செலவழித்தால், கடைசியில் மிஞ்சுவது சத்தம் மட்டும்தான்.

முக்கிய அம்சங்கள்:

● இசியு தன்னைச் சரிசெய்துகொள்வது பவரைக் கூட்டுவதற்காக அல்ல. கம்பெனி நிர்ணயித்த அளவுக்கு இன்ஜினைத் திரும்பக் கொண்டுவருவதற்காக.

● கடைசி சைலன்சரை மட்டும் மாற்றினால் இசியுவுக்குப் பெரிய வேலை இல்லை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றினால் அதை இசியுவால் சரிசெய்யவே முடியாது.

● பைப் ஜாயிண்ட்டில் சின்ன லீக் இருந்தாலும் போதும், இசியு தவறான முடிவை எடுத்து பெட்ரோலை வீணடிக்கும்.

இசியு என்பது என்ன?

இன்ஜின் கன்ட்ரோல் யூனிட் என்பதன் சுருக்கம்தான் இசியு. கைக்கு அடக்கமான ஒரு பெட்டி. இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது, கூலன்ட் எவ்வளவு சூடு, ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறார்கள், இன்ஜின் எத்தனை ஆர்.பி.எம்-ல் சுற்றுகிறது என்ற விவரங்களைச் சென்சார்கள் இதற்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை வைத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் ஸ்பார்க் என்பதை இசியு தீர்மானிக்கும்.

இதற்காகக் கம்பெனி பல மாதங்கள் சோதித்து ஒரு பெரிய அட்டவணையை இசியுவுக்குள் எழுதி வைத்திருக்கும். மெக்கானிக்குகள் 'மேப்' என்று சொல்வது இதைத்தான். அந்த மேப், கார் ஃபேக்டரியை விட்டு வரும்போது இருந்த அதே எக்ஸாஸ்ட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. எக்ஸாஸ்ட்டை மாற்றினால் மேப்புக்கும் இன்ஜினுக்கும் இடையே ஒரு இடைவெளி விழும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் இசியு முயற்சி செய்யும்.

14.7 கணக்கு தெரியுமா?

பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய, 1 கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். இந்த விகிதத்தைத்தான் 'லாம்டா 1' என்பார்கள். பெட்ரோல் அதிகமானால் 'ரிச்', காற்று அதிகமானால் 'லீன்'.

இந்த 14.7-ஐ இசியு இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். சுருக்கமாக கேட்-கான். உள்ளே தேன்கூடு போல இருக்கும் இதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலை உயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு என மூன்று நச்சுகளையும் ஒரே நேரத்தில் குறைப்பது இதன் வேலை. லாம்டா 1-ஐ ஒட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள் இருந்தால்தான் இந்த மூன்றையும் சேர்த்துச் செய்ய முடியும். கொஞ்சம் விலகினாலும் ஒன்று குறையும்போது இன்னொன்று கூடிவிடும்.

இந்தியாவில் இது இன்று நேற்று வந்ததல்ல. 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கப்பட்ட புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்-கான் கட்டாயமானது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதிகள் வந்தன. அதன்படி ஒரு பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு 1 கிராம் கார்பன் மோனாக்சைடும், 60 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடும்தான் வெளியிடலாம்.

இசியுவின் 'மூக்கு' எங்கே இருக்கிறது?

எக்ஸாஸ்ட் பைப்பில், கேட்-கானுக்கு முன்னால் ஸ்பார்க் பிளக் சைஸில் ஒரு சென்சார் மாட்டப்பட்டிருக்கும். இதுதான் ஆக்சிஜன் சென்சார். லாம்டா சென்சார் என்றும் சொல்வார்கள். எரிந்து வெளியே வரும் புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று மோப்பம் பிடிப்பது இதன் வேலை. இதை முதன்முதலில் உற்பத்திக் காரில் கொண்டுவந்தவர்கள் பாஷ் நிறுவனமும் வோல்வோவும். ஆண்டு 1976.

சாதாரண வகை ஆக்சிஜன் சென்சார், புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருந்தால் சுமார் 0.1 வோல்ட் காட்டும். மிச்சமே இல்லாவிட்டால் சுமார் 0.9 வோல்ட். நடுவில் 0.45 வோல்ட்தான் எல்லைக்கோடு. அதாவது இந்தச் சென்சாருக்கு 'லீன்', 'ரிச்' என்ற இரண்டு வார்த்தைதான் தெரியும். எவ்வளவு லீன், எவ்வளவு ரிச் என்று துல்லியமாகச் சொல்லத் தெரியாது. புதிய கார்கள் பலவற்றில் வரும் 'வைட்பேண்ட்' சென்சார் அந்த அளவையும் சொல்லும்.

சென்சார் 'லீன்' என்றால் இசியு பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும். 'ரிச்' என்றால் கொஞ்சம் குறைக்கும். மறுபடியும் சென்சாரைப் பார்க்கும். இப்படி ஓயாமல் நடக்கும் இந்தச் சுழற்சிக்கு 'குளோஸ்டு லூப்' என்று பெயர். தானா அட்ஜஸ்ட் பண்ணிக்கும் என்று சொல்லப்படுவது இதைத்தான்.

இசியு எப்படிக் 'கற்றுக்கொள்கிறது'?

இங்கேதான் 'ஃப்யூல் ட்ரிம்' வருகிறது. இதில் இரண்டு வகை உண்டு.

ஷார்ட் டேர்ம் ட்ரிம்: இந்த நொடியில் செய்யும் திருத்தம். மாறிக்கொண்டே இருக்கும்.

லாங் டேர்ம் ட்ரிம்: பல நாள் ஓட்டத்தில் கற்றுக்கொண்டு மெமரியில் எழுதி வைக்கும் திருத்தம்.

ஒரு எளிய கணக்கு பார்க்கலாம். மேப்பின்படி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் 100 பங்கு பெட்ரோல் போதும் என்று வைத்துக்கொள்வோம். புதிய எக்ஸாஸ்ட் மாட்டியதால் இன்ஜின் கூடுதலாக 4% காற்றை இழுக்கிறது. பெட்ரோல் அதே 100 பங்குதான் போகிறது. புகையில் ஆக்சிஜன் மிஞ்சும், சென்சார் 'லீன்' என்று சொல்லும். ஷார்ட் டேர்ம் ட்ரிம் +4%-க்கு ஏறும், பெட்ரோல் 104 பங்காகும்.

தொடர்ந்து இதே நிலை இருந்தால், 'இது தற்செயல் இல்லை' என்று இசியு முடிவு செய்யும். அந்த +4% மெல்ல லாங் டேர்ம் கணக்குக்கு மாறும். ஷார்ட் டேர்ம் மறுபடி பூஜ்யத்துக்கு வரும். இனிமேல் அந்த வேகத்தில் ஆரம்பத்திலேயே 104 பங்கு பெட்ரோல் போகும். மளிகைக் கடைக்காரர் தினமும் ஒரே ஆள் அரை லிட்டர் பால் அதிகமாகக் கேட்டால், நாலாவது நாள் கேட்காமலே எடுத்து வைப்பது மாதிரிதான் இது.

இந்தத் திருத்தத்துக்கு ஒரு எல்லை உண்டு. இரண்டு ட்ரிம்களையும் கூட்டினால் பிளஸ் அல்லது மைனஸ் 10%-க்குள் இருந்தால் இன்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறது என்று மெக்கானிக்குகள் எடுத்துக்கொள்வார்கள். 25% அளவை நெருங்கினால் பெரும்பாலான கார்களில் இசியு கையை விரித்துவிடும். செக் இன்ஜின் லைட் எரியும். லீன் என்றால் பி0171, ரிச் என்றால் பி0172 என்ற கோடு பதிவாகும்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த உழைப்பு எல்லாமே விகிதத்தை மறுபடி 14.7-க்குக் கொண்டுவருவதற்குத்தான். புதிய சைலன்சர் வந்திருக்கிறது என்பது இசியுவுக்குத் தெரியாது. ஏதோ ஒன்று மாறிவிட்டது, அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். புதிய எக்ஸாஸ்ட்டில் கிடைக்கக்கூடிய பவரைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது அதன் வேலையே இல்லை.

எல்லாக் கார்களும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுமா?

இல்லை. காற்றை எப்படி அளக்கிறது என்பதைப் பொறுத்து கார்கள் இரண்டு வகை.

முதல் வகையில், ஏர் ஃபில்டருக்குப் பின்னால் ஒரு ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கும். உள்ளே போகும் காற்றின் எடையை இது நேரடியாக அளந்து சொல்லிவிடும். 4% காற்று கூடினால் அதுவும் கணக்கில் வந்துவிடும். ட்ரிம் பெரிதாக மாற வேண்டிய அவசியமே இருக்காது.

இரண்டாவது வகையில், காற்றை நேரடியாக அளப்பதில்லை. இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தம், காற்றின் வெப்பம், ஆர்.பி.எம் ஆகியவற்றை வைத்து 'இவ்வளவு காற்று போயிருக்கும்' என்று இசியு ஊகிக்கும். சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் இந்த முறைதான். இந்த ஊகம் பழைய எக்ஸாஸ்ட்டை வைத்துப் போட்ட கணக்கு. எக்ஸாஸ்ட் மாறினால் ஊகம் தவறும், அந்தத் தவறு முழுவதையும் ஆக்சிஜன் சென்சாரும் ட்ரிமும்தான் சுமக்க வேண்டும்.

எந்தப் பகுதியை மாற்றினால் என்ன ஆகும்?

எக்ஸாஸ்ட் என்பது ஒரே பைப் இல்லை. இன்ஜினிலிருந்து பின்பக்கம் வரை பல துண்டுகள். எந்தத் துண்டை மாற்றுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

1. கடைசி சைலன்சர்: பின் பம்பருக்குக் கீழே இருப்பது. இரண்டு சென்சார்களையும் தாண்டி இருக்கிறது. இதை மட்டும் மாற்றினால் காற்றோட்டத்தில் வரும் வித்தியாசம் மிகக் குறைவு. இசியு சுலபமாகச் சமாளிக்கும். மாற்றம் தெரிவது காதுக்குத்தான்.

2. நடு பைப்: கேட்-கானுக்கும் சைலன்சருக்கும் இடையே இருப்பது. தேவைக்கு மேல் பெரிய பைப் போட்டால் புகையின் வேகம் குறையும். குறைந்த ஆர்.பி.எம்-ல் இழுவை கம்மியாகும். சிட்டி டிராஃபிக்கில் செகண்ட் கியரில் கார் மந்தமாக இருப்பது போலத் தெரியும். 'இன்ஜினுக்கு பேக் பிரஷர் வேணும்' என்று இதைத்தான் தவறாகச் சொல்வார்கள். வேண்டியது பேக் பிரஷர் அல்ல, புகையின் வேகம். ஒரு சிலிண்டரிலிருந்து வேகமாக வெளியேறும் புகை, மிச்சமிருக்கும் புகையையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். பைப் பெரிதானால் அந்த இழுப்பு போய்விடும். இழந்த இழுவையை இசியுவால் திருப்பித் தர முடியாது.

3. ஹெடர்: இன்ஜினை ஒட்டிய முதல் பகுதி. உண்மையான மாற்றம் இங்கேதான் தொடங்கும். காற்றின் அளவு மாறும். கூடவே ஆக்சிஜன் சென்சாரின் இடமும் பல நேரம் மாறும். சென்சார் வேலை செய்ய 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். உள்ளே ஹீட்டர் இருந்தாலும், இன்ஜினிலிருந்து தள்ளிப் போனால் சூடாவதும் தாமதம், செய்தி வருவதும் தாமதம்.

4. கேட்-கான்: இதைக் கழற்றுவதுதான் பெரிய பிரச்சனை. அதற்குப் பின்னால் வருவோம்.

ஃபுல்லா மிதிக்கும்போது என்ன நடக்கும்?

ஹைவேயில் ஓவர்டேக் செய்ய ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது, இசியு 14.7-ஐக் கைவிட்டுவிடும். இன்ஜினைக் குளிர்ச்சியாக வைக்கவும் முழு பவர் கிடைக்கவும் பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்கும். விகிதம் சுமார் 12.5 முதல் 13 வரை இறங்கும்.

இந்த நேரத்தில் சாதாரண ஆக்சிஜன் சென்சார் 'ரிச்' என்று மட்டுமே சொல்லும். 12.5-ஆ 13.5-ஆ என்று அதற்குத் தெரியாது. அதனால் இசியு சென்சாரைக் கேட்காமல் மேப்பைப் பார்த்தே பெட்ரோல் கொடுக்கும். இதுதான் 'ஓபன் லூப்'. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதும் இப்படித்தான்.

சில கார்களில், கற்றுக்கொண்ட லாங் டேர்ம் ட்ரிம்மை இங்கேயும் சேர்த்துக்கொள்வார்கள். வைட்பேண்ட் சென்சார் உள்ள கார்கள் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சமாளிக்கும். மற்றவற்றில் ஹெடர் முதல் டெயில் பைப் வரை மாற்றியிருந்தால், இன்ஜின் அதிக உழைப்பில் இருக்கும் அந்த நேரத்தில்தான் பெட்ரோல் போதாமல் போகும். சூடு ஏறும். 'நாக்கிங்' வரும். நாக் சென்சார் அதைக் கேட்டதும் இசியு ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். இன்ஜின் தப்பிக்கும். ஆனா பவர் குறையும்.

அதாவது பவருக்காகச் செலவு செய்தவருக்கு, பவர் வேண்டிய நேரத்தில் அது குறைந்து கிடைக்கும்.

சின்ன லீக், பெரிய செலவு

புதிய எக்ஸாஸ்ட் மாட்டும்போது நடக்கும் தவறுகளில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். ஹெடர் கேஸ்கெட்டிலோ, சென்சாருக்கு முன்னால் இருக்கும் வெல்டிங்கிலோ ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புகை வெளியேதானே வரும் என்று தோன்றும். ஆனா எக்ஸாஸ்ட் புகை சீராக ஓடுவதில்லை, துடித்துத் துடித்துத்தான் வரும். ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் பைப்பில் அழுத்தம் குறையும். அந்த இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே நுழையும்.

அந்தக் காற்றில் இருக்கும் ஆக்சிஜனைச் சென்சார் பார்க்கும். 'லீன்' என்று இசியுவிடம் சொல்லும். உண்மையில் இன்ஜின் சரியாகத்தான் எரிகிறது. ஆனா இசியுவுக்குச் சென்சார் சொன்னதுதான் வேதவாக்கு. பெட்ரோலைக் கூட்டும். ஓட்டை அப்படியே இருப்பதால் சென்சார் மறுபடி 'லீன்' என்றே சொல்லும். இசியு இன்னும் கூட்டும்.

விளைவு? மைலேஜ் குறையும். டெயில் பைப்பில் கறுப்புக் கரி படியும். எரியாத பெட்ரோல் கேட்-கானுக்குள் போய் எரிந்து, அதையும் சூட்டில் கெடுத்துவிடும். கடைசியில் ஸ்கேனரில் 'லீன்' கோடு வரும். கோடை மட்டும் பார்க்கும் மெக்கானிக், பெட்ரோல் வரவில்லை என்று நினைத்து ஃப்யூல் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்வார். உண்மையான கோளாறு ஒரு கேஸ்கெட்டாக இருக்கும்.

இன்னொரு விஷயம். ஜாயிண்ட்டை அடைக்கச் சாதாரண சிலிக்கான் பேஸ்ட் பூசுவது வழக்கம். அந்தப் பேஸ்ட்டிலிருந்து வரும் ஆவி ஆக்சிஜன் சென்சாரையே செயலிழக்கச் செய்யும். 'சென்சார் சேஃப்' என்று போட்டிருக்கும் பேஸ்ட்டைத்தான் பயன்படுத்த வேண்டும்.

டர்போ கார்களில் கதை வேறயா?

ஆமாம். டர்போ இன்ஜினில் எக்ஸாஸ்ட் புகைதான் டர்பைனைச் சுழற்றுகிறது. டர்போவுக்குப் பின்னால் தடை குறைந்தால் டர்போ சீக்கிரம் வேகம் எடுக்கும். அதனால் சாதாரண இன்ஜினைவிட டர்போ கார்களில் எக்ஸாஸ்ட் மாற்றத்தின் பலன் நன்றாகவே தெரியும்.

ஆனால் இன்றைய டர்போ கார்களின் இசியு 'இவ்வளவு டார்க் போதும்' என்ற இலக்கை வைத்துத்தான் வேலை செய்கிறது. பூஸ்ட் அந்த இலக்கைத் தாண்டப் போனால் வேஸ்ட்கேட் என்ற வால்வைத் திறந்து புகையை வேறு வழியாக அனுப்பிவிடும். டர்போ சீக்கிரம் எழும், உச்ச பவர் மட்டும் கம்பெனி எழுதி வைத்த அளவிலேயே நிற்கும். புகை மிக வேகமாக வந்து வேஸ்ட்கேட்டால் சமாளிக்க முடியாமல் போனால், 'ஓவர் பூஸ்ட்' என்று பதிவாகி கார் 'லிம்ப் மோடு'க்குப் போய்விடும். அப்புறம் பாதுகாப்புக்காகப் பவரை வெட்டிவிட்டு மெதுவாகத்தான் ஓடும்.

கேட்-கானைக் கழற்றினால் இசியுவுக்கு எப்படித் தெரிகிறது?

கேட்-கானுக்குப் பின்னால் இரண்டாவதாக ஒரு ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. முன் சென்சார் இன்ஜினைக் கவனிக்கும். பின் சென்சார் கேட்-கானைக் கவனிக்கும்.

நல்ல கேட்-கான் ஆக்சிஜனைத் தனக்குள் சேமித்து வைத்துத் தேவைப்படும்போது விடும். அதனால் முன் சென்சாரின் அளவு மேலும் கீழும் ஆடினாலும், பின் சென்சாரின் அளவு கிட்டத்தட்ட ஆடாமல் நிற்கும். கேட்-கானைக் கழற்றினால் முன்னால் ஆடுவது அப்படியே பின்னாலும் ஆடும். இரண்டும் ஒன்றுபோல ஆடுவதைப் பார்த்ததும் இசியுவுக்கு விஷயம் புரிந்துவிடும். பி0420 என்ற கோடு பதிவாகும். 'கேட்டலிஸ்ட் வேலை செய்யவில்லை' என்பது அதன் பொருள்.

இந்தச் சோதனையை இசியு எப்போதும் செய்வதில்லை. இன்ஜின் நன்றாகச் சூடாகி, ஒரே சீரான வேகத்தில் ஓடும்போதுதான் செய்யும். பெரும்பாலும் இரண்டு தனித்தனி ஓட்டங்களில் தோல்வி அடைந்தால்தான் லைட் எரியும். கடையில் எரியாத லைட், நாலு நாள் கழித்து ஹைவேயில் எரிவதன் ரகசியம் இதுதான்.

இதைத் தவிர்க்க, பின் சென்சாரைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைக்கும் 'ஸ்பேசர்' மாட்டுகிறார்கள். போலி சிக்னல் தரும் சர்க்யூட்டும் விற்கிறது. இது சரிசெய்வது அல்ல, ஏமாற்றுவது. லைட் அணைந்திருக்கும், நச்சுப் புகை மட்டும் வந்துகொண்டே இருக்கும். பல கார்களில் பின் சென்சாரின் தகவலை வைத்து முன் சென்சாரின் சின்னச் சின்னத் தவறுகளையும் இசியு திருத்துகிறது. ஏமாற்றினால் அந்தத் திருத்தமும் தவறாகும்.

நன்றாக வேலை செய்யும் கேட்-கான், சூடான பிறகு அந்த மூன்று நச்சுகளிலும் 90%-க்கும் மேல் அழித்துவிடும். அதைக் கழற்றினால் இசியு எவ்வளவுதான் 14.7-ஐக் காப்பாற்றினாலும் பயனில்லை. சுத்தம் செய்ய வேண்டிய பொருளே அங்கு இல்லை. சிக்னலில் பின்னால் நிற்கும் பைக்கில் முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைதான் அந்தப் புகையைச் சுவாசிக்கும்.

பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் போதுமா?

'ரீசெட் பண்ணிட்டா புதுசா கத்துக்கும்' என்பது இன்னொரு பிரபலமான யோசனை. பல கார்களில் பேட்டரியைக் கழற்றினாலோ ஸ்கேனரில் அழித்தாலோ லாங் டேர்ம் ட்ரிம் பூஜ்யமாகும். லைட்டும் அணையும். ஆனா மேப் மாறாது. பழைய மேப்பிலிருந்துதான் இசியு மறுபடி கற்கத் தொடங்கும். சில நாள் ஐடிலிங் சீராக இருக்காது. கோளாறு அப்படியே இருந்தால், அதே சோதனையில் மறுபடி தோற்று அதே லைட் மறுபடி எரியும்.

மேப்பையே மாற்றுவதற்குப் பெயர்தான் ரீமேப். புதிய எக்ஸாஸ்ட்டுக்கு ஏற்பப் பெட்ரோல், ஸ்பார்க், பூஸ்ட் அட்டவணைகளைத் திருத்தி எழுதுவது. வைட்பேண்ட் சென்சாரும் டைனோவும் வைத்து, குறிப்பிட்ட அந்தக் காரில் அளந்து செய்தால்தான் அதற்கு அர்த்தம் உண்டு. எல்லாக் காருக்கும் ஒரே ஃபைலை ஏற்றுவது மற்றவர் பவர் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்வது மாதிரி.

வாரன்டி பற்றியும் யோசிக்க வேண்டும். கோடு பதிவாகும்போது அந்த நேரத்தில் இருந்த வேகம், ஆர்.பி.எம், வெப்பம் போன்ற விவரங்களையும் இசியு சேமித்து வைக்கும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் சொருகினால் அது தெரியும். மாற்றத்தால் வந்த கோளாறு என்று தெரிந்தால் வாரன்டியை மறுக்க வாய்ப்பு இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

● மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52: கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது.

● பிரிவு 182ஏ(4): அனுமதி இல்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

● பிரிவு 190(2): ஒலி, காற்று மாசு விதிகளை மீறி ஓட்டினால் முதல் முறை 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸுக்கு 3 மாதம் தகுதி இழப்பும் உண்டு.

● மத்திய மோட்டார் வாகன விதி 120: ஒவ்வொரு வாகனத்திலும் சத்தத்தை முடிந்தவரை குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும்.

'பியுசி-யில பாஸ் ஆயிடுச்சே' என்பது பதில் ஆகாது. பெட்ரோல் கார்களுக்கான புகைச் சோதனை நின்ற நிலையில் எடுக்கப்படுவது. அதில் நைட்ரஜன் ஆக்சைடு அளக்கப்படுவதே இல்லை. 2023 ஏப்ரல் முதல் பிஎஸ்-6-இன் இரண்டாம் கட்டத்தில், புதிய கார் மாடல்கள் சாலையில் ஓடும்போதும் மாசு அளவைப் பூர்த்தி செய்ய வேண்டும் என்று விதி வந்திருக்கிறது.

பைக்குக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். பிஎஸ்-6 பைக்குகளில் ஃப்யூல் இன்ஜெக்ஷனும் ஆக்சிஜன் சென்சாரும் கேட்-கானும் வந்துவிட்டன. கார்களைவிட இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பல பைக்குகளில் கேட்-கான் எக்ஸாஸ்ட் பைப்போடு சேர்ந்தே இருக்கும். ஃபுல் சிஸ்டம் மாற்றும்போது, தெரியாமலே கேட்-கானும் சேர்ந்து போய்விடும்.

ஏற்கெனவே மாற்றியாச்சு, இப்போ என்ன செய்வது?

1. கேட்-கானும் இரண்டு சென்சார்களும் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பில்லில் எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று எழுதி வாங்குங்கள்.

2. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து கேளுங்கள். 'டிக் டிக்' என்று சத்தம் வந்து சூடானதும் குறைந்தால், மேனிஃபோல்ட் பக்கம் லீக் இருக்கலாம்.

3. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகி, இரண்டு ட்ரிம்களையும் பாருங்கள். கூட்டினால் 10%-க்குள் இருந்தால் நிம்மதி.

4. ஐடிலிங்கில் ட்ரிம் அதிகமாக இருந்து, 2,500 ஆர்.பி.எம்-ல் குறைந்தால், எங்கோ காற்று லீக் ஆகிறது என்று அர்த்தம்.

5. செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து, கூடிய சீக்கிரம் காரை ஓரம்கட்டுங்கள். மிஸ்ஃபயர் ஆகி, எரியாத பெட்ரோல் கேட்-கானை உருக்கிக்கொண்டிருக்கலாம்.

6. கழற்றிய பழைய பாகத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். கேட்-கானில் இருக்கும் உலோகங்களுக்கே தனி விலை உண்டு. ஆர்.டி.ஓ சோதனைக்கும் காரை விற்பதற்கும் அது மறுபடி வேண்டியிருக்கும்.

ஆக, அடுத்த முறை 'இசியு பாத்துக்கும்' என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எந்தப் பாகத்தை மாத்துறீங்க? சென்சாருக்கு முன்னாடியா, பின்னாடியா?" இதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடியாதவரிடம் காரை விடாமல் இருப்பது நல்லது.